உள்ளகப் பயிற்சிக்கு மலைக்கு வாருங்கள்

பொதுச் சுகாதாரமும் அதனோடு ஒட்டிய துறைகளும் படிக்கும் மலையகப் பிள்ளைகள், உள்ளகப் பயிற்சிக்கு இடம் தேடும் காலம் வந்தவுடன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான்: "அக்கா, கொழும்பில் நல்ல நிறுவனம் ஏதாவது தெரியுமா?" அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சர்வதேச நிறுவனமொன்றின் பெயர் சுயவிபரக் கோவையில் இருந்தால் அது பின்னால் நேர்முகத் தேர்வில் எடுபடும். ஆங்கிலம் பேசிப் பழகவும் வாய்ப்புக் கிடைக்கும். சில இடங்களில் சிறிய கொடுப்பனவும் உண்டு. இருந்தும் நான் சொல்லும் பதில், லிந்துலையிலோ மஸ்கெலியாவிலோ இறாகலையிலோ ஹப்புத்தளையிலோ உள்ள ஒரு சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனைக்குப் போய், அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பீ.எச்.ஐ.) தோட்டங்களில் மிஸ்ஸி என்று கூப்பிடும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் பின்னால் நடவுங்கள் என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் விளக்குவதை விட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

கொழும்பில் உங்கள் கைக்கு வருவது ஏற்கெனவே எண்ணாகிவிட்ட நோய். அதை அட்டவணையாக்கி, வரைபடமாக்கி, அறிக்கையில் பொருத்துவது தேவையான வேலைதான். ஆனால் அந்த எண் எப்படிப் பிறந்தது, யார் கையால் எழுதப்பட்டது, எழுதப்படாமல் விடுபட்டது எது என்பதைப் பார்க்காமல் பட்டம் பெற்று வெளியேறும் ஒருவர், வாழ்நாள் முழுவதும் பிறர் தரும் எண்களை அப்படியே நம்ப வேண்டியவராகிவிடுகிறார். இளமாணிக் காலத்தின் சில மாதங்கள்தான் பதிவேடு எழுதப்படும் இடத்தில் உட்கார்ந்திருக்கக் கிடைக்கும் வாய்ப்பு. வேலைக்குப் போன பிறகு அதற்கு யாரும் நேரம் தரமாட்டார்கள்.

மலையகத்துக்கு என்று தனிக் காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 வீதம்; தோட்டத்துறையில் மட்டும் ஏறத்தாழ 32 வீதம். தடுப்பூசியிலும் தாய் சேய் நலத்திலும் உலகம் மெச்சும் ஒரு நாட்டுக்குள், மலேரியாவை ஒழித்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் பெற்ற அதே நாட்டுக்குள், இந்த இடைவெளி எப்படி நீடிக்கிறது என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி தோட்டங்களில்தான் இருக்கிறது.

வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1916இல் ரொக்ஃபெல்லர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவு இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது அது இறங்கிய இடம் மாத்தளைத் தோட்டங்கள். வெறுங்காலுடன் நடந்தவர்களின் பாதத்தின் வழியே நுழைந்து இரத்தத்தை உறிஞ்சிச் சோகையைக் கொண்டுவந்த அந்தப் புழு, மருந்து கொடுத்த சில காலத்திலேயே திரும்பவும் வந்தது, ஏனென்றால் மலசலகூடம் இல்லாத மண் மாறவில்லை. சிகிச்சை மட்டும் போதாது, மருத்துவ அதிகாரியும் பரிசோதகரும் மருத்துவ மாதும் ஒரு பிரதேசத்துக்குள் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அனுபவத்தோடு வலுப்பெற்று, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவாக உருவெடுத்தது. இன்று நாடெங்கும் உள்ள எம்.ஓ.எச். பணிமனைகள் அதன் வழிவந்தவை. ஆனால் தோட்டத்துப் பாடத்திலிருந்து வளர்ந்த அந்த ஏற்பாடு தோட்டத்துக்குள் முழுமையாக வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. தோட்ட மக்களின் மருத்துவம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போன பிறகும், டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளரும் பிள்ளைக் காம்பரா என்ற பிள்ளைப் பராமரிப்பு இடமும் ஒரு பக்கம், அரசின் மிஸ்ஸியும் பீ.எச்.ஐ.யும் மறுபக்கம் என்ற இரட்டை நிலை பல இடங்களில் தொடர்கிறது. பயிற்சிக்குப் போகும் மாணவர் முதல் வாரத்திலேயே விசாரிக்க வேண்டியது இதைத்தான்: இந்தப் பிரிவில் கர்ப்பிணித் தாயைப் பதிவு செய்வது யார், குடிதண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் போடுவது யார், மலசலகூடக் குழி நிரம்பினால் கூப்பிட வேண்டியது யாரை? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பதில்கள் வருவது சாதாரணம். ஒன்றுக்கும் பதில் வராமல் போவதும் உண்டு.

எடை நிறுக்கும் நாளில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அளவீட்டுப் பிழை என்று பல்கலைக்கழகத்தில் விரிவுரைக்கு மேல் விரிவுரையாகக் கேட்டது அங்கேதான் எனக்குக் கண்ணில் தெரிந்தது. மலை உச்சியை ஒட்டிய ஒரு பிரிவின் பிள்ளைக் காம்பரா. மழை நின்று குளிர் ஏறிய காலை. உத்தரத்தில் தொங்கும் தராசில் பிள்ளையை இருத்துவதற்கு முன் துணிக் காற்சட்டையை மட்டும் தொங்கவிட்டு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த மிஸ்ஸி, அடுத்து வந்த தாயிடம் "ஸ்வெட்டர கழட்டுங்க தங்கச்சி" என்றார். தாய் தயங்கினாள். "சளி புடிச்சிருக்கு மிஸ்ஸி, அப்புடியே பாத்து விடுங்க, நேரமாச்சுன்னா அரப்பேருதான் போடுவாங்க." ஒன்றரை வயதுப் பிள்ளை. அந்த வயதில் ஒரு பிள்ளை மாதமொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம்தான் கூடும். கம்பளி ஸ்வெட்டரும் தொப்பியும் காலுறையும் ஈரமான உள்துணியும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். கழற்றாமல் நிறுத்தால், ஒரு மாதமாக ஒன்றுமே கூடாத பிள்ளை நன்றாக வளர்ந்ததாகப் பதிவாகும். அடுத்த மாதம் வெயில் காலையில் கழற்றி நிறுத்தால் அதே பிள்ளை இளைத்துவிட்டதாகப் பதிவாகும். மிஸ்ஸி தன் சால்வையை எடுத்துப் பிள்ளையைச் சுற்றிக் கையில் வாங்கி, தாயைக் கொண்டே ஸ்வெட்டரைக் கழற்ற வைத்து, நிறுத்து முடித்து, அட்டையில் புள்ளியை வைக்கும்வரை எடுத்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்தப் புள்ளிதான் மாதாந்த அறிக்கையில் ஏறி, மாவட்டத்துக்குப் போய், ஒரு நாள் கொழும்பில் யாரோ ஒரு பயிற்சி மாணவரின் கணினித் திரையில் நிறப் பட்டையாக நிற்கிறது.

அந்தத் தாய் சொன்ன அரைப்பேர் என்பதையும் விட்டுவிடக் கூடாது. எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ கணக்கு எட்டாவிட்டால் முழுநாள் சம்பளம் இல்லை என்ற ஏற்பாட்டில், காலைக் கிளினிக்குக்கு வருவது காசை விட்டு வருவதாகும். சில தோட்டங்களில் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், இதற்கு விட்டுக்கொடுப்பார், சில தோட்டங்களில் கணக்கப்பிள்ளையோடு வாக்குவாதப்பட வேண்டியிருக்கும். வழக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. கிளினிக்குக்கு வராதவர்களை 'தவறியோர்' என்று பதிவேட்டில் எழுதும்போது இதையும் சேர்த்து எழுத இடம் இல்லை. உங்கள் குறிப்பேட்டில் இடம் உண்டு.

பரிசோதகரோடு போகும் நாட்கள் வேறு விதமானவை. வைத்தியசாலையில் எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், டெங்கு போன்ற அறிவிக்க வேண்டிய நோய் சந்தேகிக்கப்பட்டவுடன் எச் 544 என்ற அறிவித்தல் படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் எம்.ஓ.எச்.க்கு அனுப்பப்படுகிறது, பணிமனையில் அது பதிவாகி, பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 படிவத்தை நிரப்புகிறார், உறுதியானவை எச் 399 என்ற வாராந்தத் திரட்டில் ஏறித் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகின்றன. பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு வரைந்தால் அழகாக இருக்கும் இந்த வழி, மலையில் முட்டி நிற்பது பெரும்பாலும் முகவரியில். தோட்டத்து வீட்டுக்கு வீதிப் பெயர் இல்லை, பல இடங்களில் இலக்கமும் இல்லை. வார்டில் படிவம் நிரப்புபவர் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு விடுகிறார். ஒரே தோட்டத்துக்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, நடுக்கணக்கு என்று மைல் கணக்கில் விலகிய பிரிவுகள் இருக்கும். அவற்றில் அதே பெயரும் அதே தந்தை பெயரின் முதலெழுத்தும் கொண்டவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் ஒரு பிரிவின் லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, விசாரித்து முடித்து, ஆள் இருப்பது மற்றப் பிரிவில் என்று தெரியவரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நோயாளியோடு ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு எச்சரிக்கை போவது அவ்வளவு தாமதமாகிறது.

தண்ணீரால் பரவும் நோயில் அந்தத் தாமதத்தின் விலை அதிகம். 2007இல் கம்பளையில் ஹெப்படைட்டிஸ் ஏ என்ற மஞ்சட்காமாலை பெருமளவில் பரவியதை மலைநாட்டில் வயதில் மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தோட்டங்களில் தண்ணீர் ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து லயத்துக்கும் வருகிறது. ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைக் குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறிப் பார்த்தால்தான் தெரியும். தொட்டியில் மீதிக் குளோரின் இருந்தும் கடைசி லயத்துக் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவாக இருப்பதைக் கையளவு ஒப்பீட்டுக் கருவியால் ஒரு மாணவரே அளந்துவிடலாம். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயப்படாத காலணி மட்டும் வேண்டும். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு போவது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். ஓரளவுக்கு வேலை செய்கிறது.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். மலையகப் பணிமனைகள் பலவற்றில் உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். படிவங்களும் பெரும்பாலும் சிங்களத்தில் நிரப்பப்படுகின்றன. தமிழ் தெரிந்த பயிற்சி மாணவர் வந்து இறங்கியவுடன் எல்லோருக்கும் நிம்மதி. காலை முதல் மாலை வரை "கொஞ்சம் இந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுவார்கள். அதில் தவறில்லை, அந்த அம்மாவுக்கு அது மிகப் பெரிய உதவி. மறுத்துப் பேசவும் மனம் வராது. ஆனால் முழுப் பயிற்சியும் மொழிபெயர்ப்பிலேயே கரைந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி முடிவில் அவர்களிடம் நன்றிக் கடிதம் இருந்தது, சொந்தமாகச் செய்த வேலை என்று ஒன்றும் இருக்கவில்லை. தொடக்கத்திலேயே மேற்பார்வை அதிகாரியிடம் வாரத்தில் இன்னின்ன நாட்கள் கிளினிக்கில் உதவுவேன், மற்ற நாட்கள் என் கேள்விக்கான களவேலைக்கு என்று பணிவாகப் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அதிகாரிகள் ஒப்புக்கொள்வார்கள். மிஹிந்தலையில் ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் சுகாதார மேம்பாட்டுப் பட்டம் போலச் சமூகத்துக்குள் போய் வேலை செய்வதையே பாடமாகக் கொண்ட கற்கைநெறிகளிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் எளிது, விரிவுரையாளரே அப்படி ஒரு திட்டத்தை எதிர்பார்ப்பார்.

சரி, சொந்தக் கேள்வி எப்படி இருக்க வேண்டும்? மலையகத்தில் மாணவர் ஆய்வு என்றால் 'தோட்டப்புற மக்களின் அறிவு, மனப்பாங்கு, நடத்தை' என்று ஒரு வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போவதே வழக்கமாகிவிட்டது. முடிவில் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று எழுதி, விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தப் பரிந்துரைத்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த வகை ஆய்வில் அலுப்புத் தட்டிப் போயிற்று. கை கழுவ வேண்டும் என்று தெரியாத தாயைத் தோட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் காலையில் அரை மணித்தியாலம் மட்டும் வரும் லயத்தில் தெரிந்து என்ன செய்வது? சிறிய, எண்ணக்கூடிய, பணிமனைக்குப் பயன்படும் கேள்வியாக எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் எச் 544 பணிமனையில் பதிவான நாளுக்கும் பரிசோதகர் வீட்டை அடைந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் போகிறது, எந்தக் கட்டத்தில் அதிகம் போகிறது என்று ஓர் ஆண்டின் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்ப்பது ஓர் இளமாணி மாணவரால் முடிந்த வேலை. ஒரு பிரிவின் லயங்களுக்கும் பீலிகளுக்கும் தொட்டிக்கும் படம் வரைந்து, மக்கள் வழங்கும் பெயர்களோடு பரிசோதகரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வருவதும் முடிந்த வேலைதான், அது நீங்கள் போன பிறகும் அங்கேயே இருக்கும்.

இன்னொரு நல்ல கேள்வி இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, வாங்கியும் போகிறார்கள், ஆனாலும் சோகை குறைந்தபாடில்லை என்று மிஸ்ஸிமார் சொல்வார்கள். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன என்பது நிறுவப்பட்ட விடயம். தேத்தண்ணீரோடு விழுங்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், தாயும் தலையாட்டுகிறாள். ஆனால் விடியலுக்கு முன் எழுந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து, ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போய், மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கும் மதியத் தேத்தண்ணிக்கும் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மறுபடியும் அடுப்பில் தேத்தண்ணி வைக்கும் ஒருத்தியின் நாளில் அந்த மாத்திரைக்கு எந்த மணித்தியாலம் பொருத்தம் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்களா? ஒரு பிரிவில் இராப் படுக்கைக்குப் போகும்போது என்று தாய்மாரே முடிவுசெய்து கொண்டதைப் பார்த்தேன். எந்தச் சுவரொட்டியும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

வினாக்கொத்தோடு வீட்டுக்குப் போவதானால், கேட்பது யார் காதில் விழும் என்பதை முதலில் பாருங்கள். நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாத பழைய லயங்களில், கணவன் குடிப்பாரா என்று இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டால் அடுத்த காம்பராவிலும் அதற்கடுத்த காம்பராவிலும் கேட்கும். "இல்ல மிஸ்" என்ற பதிலை எழுதிக்கொண்டு வருவதில் பயன் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கேள்விகளில் இன்னும் கவனம் வேண்டும். தங்களுக்கு விளக்கமாகச் சொல்லாமலே சத்திரசிகிச்சை செய்துவிட்டார்கள் என்ற மனக்குறை மூத்த பெண்கள் பலரிடம் உண்டு. பேனாவோடு வந்து பிள்ளைக் கணக்குக் கேட்பவரை அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமானது. நீங்களும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டால் கதவு எளிதில் திறக்கும், ஆனால் அதே காரணத்தால் அவர்கள் மறுக்கவும் கூச்சப்படுவார்கள். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் சம்மதப் படிவம் அந்தக் கூச்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். பணிமனைப் பயிற்சிக்குப் பெரும்பாலும் கொடுப்பனவு கிடையாது. மகாபொலப் புலமைப்பரிசில் பணம் பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்குமே இழுபடும். அதனால்தான் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பணிமனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன், ஆனால் சொந்தத் தோட்டத்தையே களமாக எடுக்க வேண்டாம். சித்தப்பாவின் கடன்பத்திரமும் பக்கத்து வீட்டு அக்காவின் நோயும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது. பருவத்தையும் பாருங்கள். மேற்குச் சரிவில், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் ஆண்டின் முடிவில் மழை கனக்கும், மண்சரிவு எச்சரிக்கையும் கூடவே வரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு அந்த எச்சரிக்கையை யாரும் சாதாரணமாக எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

அனுமதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். பீடாதிபதியின் கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குப் போக வேண்டும், அவருடைய ஒப்புதலோடுதான் எம்.ஓ.எச். உங்களை ஏற்பார், சில மாகாணங்களில் மாகாணப் பணிப்பாளர் வரைக்கும் போகச் சொல்வார்கள். ஆய்வு செய்வதாக இருந்தால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி தனி. பலரும் மறப்பது தோட்ட நிர்வாகத்தை. அரசாங்கக் கடிதம் கையில் இருந்தாலும், தோட்ட எல்லைக்குள் பிள்ளைக் காம்பராவுக்கும் லயத்துக்கும் போக துரையின் சம்மதம் வேண்டும். கம்பனியின் தலைமையகத்துக்கு எழுதினால் பதில் வரும் முன் உங்கள் பயிற்சி முடிந்துவிடும். எம்.ஓ.எச். வழியாகவே தோட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லி, முதல் நாள் பீ.எச்.ஐ.யோடு நேரில் போய்ப் பெரிய கிளாக்கரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கிளினிக் நாட்களின் அட்டவணையை மிஸ்ஸியிடம் அன்றைக்கே எழுதி வாங்கிவிடலாம்.